மேலே எது, கீழே எது?

இரும்பையைச் சுற்றிய செம்மண் மேட்டிலிருந்து மரக்காணம் உப்பளம் வரை எந்தெந்தப் பாறை எங்கே கிடக்கிறது என்று கணினியில் பார்க்க இன்று காசு செலவில்லை. இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் ‘பூகோஷ்’ தளத்தில் பாறை வரைபடம் கிடைக்கிறது; அதைத் திறந்து பார்க்க உதவும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் இலவசம். தலைவலி அதற்குப் பிறகுதான். ஏரி, சாலை, உப்பளம், ஆழ்துளைக் கிணறு, செயற்கைக்கோள் படம் என்று ஒவ்வொன்றும் ஒரு லேயராக வந்து உட்காரும். எது எதை மறைக்கலாம் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

புதிதாகப் பழகுபவர்கள் லேயர் வரிசையையும் பாறை வரிசையையும் குழப்பிக்கொள்வார்கள். மண்ணுக்குள் கீழே போகப் போக வயது கூடும். மென்பொருள் பட்டியலில் கீழே இருப்பது, நாம் மவுஸால் இழுத்துக் கீழே விட்டது. வயதுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வானூர் வட்டாரத்தில் இது முக்கியம். மேலே கிடப்பது கடலூர் மணற்கல். திருவக்கரையின் கல்மரங்கள் அதில்தான் கிடைக்கின்றன, வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டு. அதற்கும் அடியில், டைனோசர் காலத்து கிரிட்டேசியஸ் பாறைகள். வானூர், துருவை, மணவெளி என்று நம் ஊர்ப் பெயர்களையே இங்குள்ள பாறை அடுக்குகளுக்கு வைத்திருக்கிறார்கள். ஆழ்துளைக் கிணறுகளுக்கு நீர் தரும் வானூர் மணற்கல்லில் பெரும்பகுதி மேலடுக்குகளுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. பாறை வரைபடமோ மேற்பரப்பில் தெரிவதை மட்டுமே வண்ணமிடும். கடலோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே ஏறும் என்பதால், கிணறுகளின் ஆழத்தைத் தனி லேயராகச் சேர்க்காமல் இந்தப் பகுதியின் தண்ணீரைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

“அடியில் ஒளிந்திருக்கும் பாறையைத் தனி லேயராக வரைந்து, மேலே உள்ளதைப் பாதி ஒளிபுகும்படி வைத்தால் போச்சு” என்பார்கள். நிலவியல் மரபில் கிரிட்டேசியஸுக்குப் பச்சை, கடலூர் மணற்கல்லின் காலமான நியோஜீனுக்கு மஞ்சள். மஞ்சளைப் பாதி மங்கலாக்கிப் பச்சைமேல் போட்டால் இளம்பச்சை பிறக்கும். பார்ப்பவர் அதை மூன்றாவது பாறை என்று எண்ணிக்கொள்வார். அடிப்பாறையை வெறும் சாய்கோடுகளாக்கி மேலே வைப்பதே நல்லது. நிறம் கலப்பதில்லை.

இன்னொரு வில்லங்கம், பழைய தாள்கள். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்வட்டக் கணக்கில் அமைந்தவை. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 கணக்கு. இந்த வேறுபாட்டை மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் இந்தக் கடற்கரையில் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து நிற்கும். உப்புப் பாத்தி கடலுக்குள் இறங்கிவிடும்!

அளவுத்திட்டமும் சேர்ந்துகொள்கிறது. 1:50,000 தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். அதில் அரை மில்லிமீட்டர் தடிமனில் வரைந்த பாறை எல்லையைப் பெரிதாக்கி, ஒருவருடைய சர்வே எண்ணுக்குள் பாறை மாறுகிறதா என்று தேடுவது வீண்வேலை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிதாக்கினால் லேயர் தானாக மறையும்படி அமைக்கும் வசதி மென்பொருளிலேயே உண்டு. அதைத் தொடுபவர்கள்தான் குறைவு.

அணைத்து வைத்த லேயர்கள் அச்சில் வராது. கழுவேலி ஈரநிலத்தைப் பறவைகள் சரணாலயமாக 2021இல் அறிவித்தார்கள்; அந்த எல்லைக்கான பெட்டியில் டிக் எடுத்துவிட்டு அச்சிட்டால், அது சும்மா கிடக்கும் புறம்போக்குபோலத் தெரியும். எந்தெந்த லேயர் அணைக்கப்பட்டது என்று வரைபடத்தின் ஓரத்தில் ஒரு வரி போடச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஊராட்சிக் கூட்டத்தில் அப்படியொரு தாளை விரித்தால், முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.