டொரோண்டோ: ஒரு நகரின் மொழிக்கணக்கு

கனடாவின் மிகப் பெரிய நகரமான டொரோண்டோவில், 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2,794,356 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் பிற நாடுகளிலிருந்து குடியேறியோர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியரும் போர்த்துகீசியரும் திரளாக வந்தனர். கல்வியும் தொழில்திறனும் கருதிப் புள்ளி வழங்கும் குடியேற்றமுறை 1967இல் நடைமுறைக்கு வந்தபின் ஆசியரும் கரிபியத் தீவினரும் பெருகினர். 1983க்குப் பின் வந்த இலங்கைத் தமிழருள் பலர் ஸ்கார்பரோ பகுதியில் குடியமர்ந்தனர்.

இப்பன்மையை அறியக் கனடியக் கணக்கெடுப்பு மொழி குறித்து வெவ்வேறு வினாக்களைக் கேட்கிறது. குழந்தைப் பருவத்தில் வீட்டில் முதலில் கற்று இன்றும் புரிந்துகொள்ளும் மொழி எது என்பது ஒன்று. இப்போது வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி எது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குத் ‘தமிழ்’ என்றும் இரண்டாவதற்கு ‘ஆங்கிலம்’ என்றும் விடையளிக்கும் பெற்றோரின் பிள்ளை, வளர்ந்தபின் இரண்டுக்கும் ‘ஆங்கிலம்’ என்றே எழுதக்கூடும். மொழியியலார் மொழி நகர்வு என்பது இதனையே.

ஆகவே, ஒரு நகரின் மொழிநிலையை ஆராயும் மாணவர் இவ்விரு எண்ணிக்கைகளையும் அருகருகே வைத்துக் காணுதல் வேண்டும். சிங்கப்பூர்க் கணக்கெடுப்பும் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழியைக் கேட்கிறது. நம் வகுப்பறைக்கு வரும் குழந்தை எந்த மொழியோடு வருகிறது என்பதை ஆசிரியர் அறிய அவ்விடையே துணைசெய்யும்.