காய்ந்த தோப்பைத் தாண்டினால் கடல்

இத்தாலியைக் காலணி என்று வைத்துக்கொண்டால் அதன் குதிகால்தான் புலியா. ஒரு பக்கம் அட்ரியாட்டிக் கடல், இன்னொரு பக்கம் அயோனியன். பொலிஞ்ஞானோ ஊரின் படத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும்: இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே கைக்குட்டை அகலத்தில் கூழாங்கல் கரை, பாறை விளிம்பைத் தொற்றிக்கொண்டு நிற்கும் வெள்ளை வீடுகள். இந்தக் கட்டுரையில் கடற்கரை, கட்டடம், சாப்பாடு எல்லாம் வேண்டும் என்றார் பத்திரிகை ஆசிரியர். நானும் அதற்குத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆலிவ் மரமே குறுக்கே வந்து நிற்கிறது.

கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அல்பெரோபெல்லோ என்ற ஊர்ப்பெயர் இத்தாலியர் காதில் ‘அழகு மரம்’ என்றுதான் விழும். அங்கே கூம்புக்கூரை போட்ட ‘ட்ருல்லி’ வீடுகள் ஆயிரத்துக்கும் மேல். காரையே பூசாமல் சுண்ணாம்புக் கல்லை அடுக்கியே எழுப்பியவை. அந்தக் காலத்தில் நிரந்தர வீட்டுக்கு அரசனுக்கு வரி கட்ட வேண்டியிருந்தது. அதிகாரி வருகிறான் என்றால் கூரையைச் சரித்துவிட்டு, ‘இது வெறும் கல் குவியல் ஐயா’ என்று கைவிரிக்கலாம் என்பதற்காகவே இப்படிக் கட்டினார்களாம். 1797-இல் நிலப்பிரபுவின் பிடியிலிருந்து ஊருக்கு விடுதலை கிடைத்தது. 1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடமும் கிடைத்தது. ஆலிவ் தோப்புகளுக்கு நடுவிலும் இதே கூம்புகள் உண்டு. அங்கே அவை விவசாயியின் கொட்டகை.

தெற்கே லெச்சே நகரில் தேவாலய முகப்புகள் சரிகை வேலை போலிருக்கும். வெட்டும்போது மிருதுவாக இருந்து காற்றுப்பட்டால் இறுகும் தேன்நிறக் கல்லின் தயவு அது. இந்த அலங்காரத்துக்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதில் எண்ணெய்க்கும் பங்கு உண்டு. பக்கத்துத் துறைமுகமான கல்லிப்போலியிலிருந்து அந்நாளில் பீப்பாய் பீப்பாயாக ஆலிவ் எண்ணெய் கப்பலேறியது. தாளிக்க அல்ல, லண்டன் போன்ற நகரங்களில் விளக்கெரிக்க. பாறையைக் குடைந்து நிலத்தடியில் செக்கு வைத்திருந்தார்கள். குளிரில் எண்ணெய் உறைந்துவிடும். குகைக்குள் வெதுவெதுப்பு நிற்கும். கோவேறு கழுதைகள் கல்லைச் சுற்றும்.

சாப்பாடும் அதே கதைதான். முட்டை சேர்க்காமல் கோதுமை ரவையும் தண்ணீரும் பிசைந்து, கட்டைவிரலால் அழுத்தித் திருப்பினால் ‘ஒரெக்கியெட்டே’, அதாவது குட்டிக் காது. பாரி நகரின் பழைய தெருவில் பெண்கள் வாசலிலேயே மேசை போட்டு உருட்டுகிறார்கள். கல்லாய்க் காய்ந்த ‘ஃப்ரிசெல்லா’ ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து, தக்காளியைத் தேய்த்து, மேலே எண்ணெய் ஊற்றுவார்கள். எண்ணெயை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஏழை வீட்டு ஈர ரொட்டி. வடக்கே கார்கானோ மலைக்காடும் அழகுதான். ஆனால் என் மனம் தெற்கை விட்டு நகர மறுக்கிறது.

கல்லிப்போலி அருகே ஆலிவ் இலைகள் நுனியிலிருந்து கருகத் தொடங்கின; 2013-இல் காரணம் பிடிபட்டது. அது சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்ற பாக்டீரியா. மரத்துக்குள் நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். மரம் மழையிலேயே நின்றாலும் தாகத்தில் சாகும். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த காபிச் செடியோடு நுழைந்திருக்கலாம் என்று மரபணு ஆய்வுகள் கைகாட்டுகின்றன. மரத்துக்கு மரம் கொண்டுசேர்ப்பது நுரைப்பூச்சி. அதன் குஞ்சுகள் வசந்தத்தில் களைச்செடிகளில் எச்சில் போன்ற நுரைக்குள் ஒளிந்திருக்கும். அப்போதே உழுதுவிட்டால் பூச்சி கொஞ்சம் குறையும். நோய்க்கு மருந்து இல்லை. நோயுற்ற மரத்தை வெட்டு, சுற்றியுள்ளதையும் வெட்டு என்று உத்தரவு வந்தபோது விவசாயிகள் கொதித்தார்கள், வழக்கும் நடந்தது. தாத்தாவின் தாத்தா நட்டதை, பச்சையாய் இருக்கும்போதே யார் வெட்டக் கொடுப்பார்? அதற்குள் லட்சக்கணக்கில் மரங்கள் பட்டுப்போயின.

சுற்றுலா வருமானம் இருக்கிறது, வேறு பயிருக்கு மாறலாம் என்பவர்களும் உண்டு. இருக்கட்டும். கடலுக்குப் போகும் கார்கள் இப்போது சாம்பல் நிறக் கட்டைகள் நிற்கும் வயல்களைத் தாண்டித்தான் போகின்றன.

நோயைத் தாங்கும் ‘லெச்சினோ’, ‘ஃபவொலோசா’ என்ற ரகங்களைப் புதிதாக நடுகிறார்கள். சிலர் அதோடு நிற்காமல், கிழ மரத்தின் அடித்தண்டிலேயே லெச்சினோ கிளையை ஒட்டுப்போட்டுப் பார்க்கிறார்கள். ஒஸ்துனி ஊருக்குக் கீழே, கடலோரச் சமவெளியில் ஆயிரம் வயதைத் தாண்டியதாகச் சொல்லப்படும் மரங்கள் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. நோய் அந்தச் சமவெளிக்கும் வந்துவிட்டது. அங்கே ஒட்டுப்போட்ட மரம் பிழைக்குமா இல்லையா என்று தெரிய சில வசந்தங்கள் காத்திருக்க வேண்டும்.