வரி சேமிப்பு வைப்பு: தொடங்கும் முன் மூன்று கேள்விகள்

மார்ச் மாதத்தின் இறுதி வாரத்தில் எந்த வங்கிக் கிளைக்குச் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். காசோலையும் பான் அட்டை நகலும் கையில் ஏந்தியவர்கள் வரிசையில் நின்று, "வரி சேமிப்பு வைப்பு ஒன்று தொடங்க வேண்டும், இன்றைய தேதியிலேயே ரசீது வேண்டும்" என்று கேட்பார்கள். ரசீது கைக்கு வந்ததும் நிம்மதியுடன் திரும்பிச் செல்வார்கள். அந்த வைப்பால் உண்மையிலேயே வரி குறைகிறதா என்பதைக் கணக்கிட்டுப் பார்த்து வந்தவர்கள் அவர்களுள் சிலரே.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு கிளையில், ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர் இவ்வாறே ரூ.1,50,000-ஐ வரி சேமிப்பு வைப்பில் இட்டார். அடுத்த ஆண்டு அவருடைய மனைவிக்கு அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது. வைப்பை முறித்துப் பணம் தருமாறு கேட்டு வந்தார். விதி இடம் தரவில்லை. அதன் மீது கடனாவது தாருங்கள் என்றார். அதற்கும் விதியில் இடமில்லை. "என்னுடைய பணம்தானே, சார்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இறுதியில் வீட்டிலிருந்த நகையை அடகு வைத்தே மருத்துவச் செலவைச் சமாளித்தார். பின்னர் அவருடைய வருமான விவரங்களைப் பார்த்தபோது, அந்த வைப்பு இல்லாமலேயே அவர் வரி செலுத்த வேண்டியிருந்திருக்காது என்பது தெரிந்தது. வைப்பை ஏற்றுக்கொண்ட நாளிலேயே அதை நாங்கள் கேட்டறிந்திருக்க வேண்டும்.

வரி சேமிப்பு வைப்பு நல்ல திட்டம்தான். ஆயினும் அது எல்லோருக்கும் உரியதன்று. தமக்கு உரியதா என்பதை வாடிக்கையாளர் தாமே தீர்மானிக்க உதவும் மூன்று கேள்விகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திட்டத்தின் விதிகள்

2006ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவித்த வங்கிக் காலவரை வைப்புத் திட்டமே இதன் அடிப்படை. வைப்புக் காலம் ஐந்து ஆண்டுகள். குறைந்தபட்சத் தொகை ரூ.100. ஒரு நிதியாண்டில் அதிகபட்சமாக ரூ.1,50,000 வரை இடலாம், தொடக்கத்தில் ரூ.1,00,000 ஆக இருந்த இவ்வரம்பு 2014இல் உயர்த்தப்பட்டது. இட்ட தொகையை வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவின்கீழ் மொத்த வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வைப்பு இட்ட நிதியாண்டுக்கு மட்டுமே இக்கழிவு பொருந்தும்.

ஐந்து ஆண்டுகள் முடியும் முன் வைப்பை முறிக்க இயலாது; அதைப் பிணையாக வைத்துக் கடன் பெறவும் இயலாது. வைப்பாளர் இறக்க நேரிட்டால் மட்டும், நியமனதாரர் முதிர்வுக்கு முன்பே தொகையைப் பெறலாம். இருவர் பெயரில் வைப்பு இருந்தால் வரிக் கழிவு முதல் பெயருக்கு உரியவருக்கே கிடைக்கும். ஆகவே, வரி செலுத்துபவரின் பெயர் முதலில் இருக்கிறதா என்பதை விண்ணப்பத்திலேயே சரிபார்க்க வேண்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வருமான வரிச் சட்டம், 2025-இல் 80சி பிரிவின் இடத்தை 123ஆம் பிரிவு பெறுகிறது.

முதல் கேள்வி: எந்த வரி முறை?

2023-24 நிதியாண்டு முதல் புதிய வரி முறையே இயல்பான முறையாகக் கொள்ளப்படுகிறது. பழைய முறை வேண்டுவோர் அதைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய முறையில் 80சி கழிவு கிடையாது. அதாவது, புதிய முறையில் இருப்பவர் எவ்வளவு தொகையை வரி சேமிப்பு வைப்பில் இட்டாலும் அவருடைய வரி ஒரு ரூபாய்கூடக் குறையாது.

2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் ரூ.12,00,000 வரை வரிக்குரிய வருமானம் உள்ளவர்கள், தள்ளுபடியின் காரணமாக வரி செலுத்த வேண்டியதில்லை. பங்கு விற்பனை ஆதாயம் போன்று தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்கு இத்தள்ளுபடி பொருந்தாது. சம்பளம் அல்லது ஓய்வூதியம் பெறுவோருக்கு நிலையான கழிவாக ரூ.75,000 கிடைப்பதால், அவர்களுக்கு இவ்வரம்பு ரூ.12,75,000 ஆகிறது.

ஆண்டுச் சம்பளம் ரூ.12,00,000 பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் நிலையான கழிவு ரூ.50,000, வரி சேமிப்பு வைப்பு ரூ.1,50,000 ஆகியவற்றைக் கழித்தால் வரிக்குரிய வருமானம் ரூ.10,00,000. அறுபது வயதுக்கு உட்பட்டவருக்கு இதற்கான வரி, கூடுதல் தீர்வையையும் சேர்த்து ரூ.1,17,000. அதே நபர் புதிய முறையில் இருந்தால் வைப்பு ஏதும் இல்லாமலேயே அவருடைய வரி சுழியம். வரியைக் குறைக்க எண்ணி வைப்பு இட்டு, அதற்காகவே பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால் ரூ.1,17,000 இழப்பில் முடியும்.

மறுபுறம், பழைய முறையே ஆதாயமாக அமைபவர்களும் இருக்கிறார்கள். மும்பையில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, சொந்த ஊரில் தமக்கென வாங்கிய வீட்டின் கடனையும் அடைத்துவரும் ஒருவரின் ஆண்டுச் சம்பளம் ரூ.20,00,000 எனக் கொள்வோம். நிலையான கழிவு ரூ.50,000, வீட்டு வாடகைப் படி விலக்கு ரூ.4,00,000, வீட்டுக் கடன் வட்டி ரூ.2,00,000, தேசிய ஓய்வூதியத் திட்டக் கூடுதல் கழிவு ரூ.50,000, மருத்துவக் காப்பீடு ரூ.25,000 என அவருக்குக் கழிவுகள் உள்ளன. 80சி கழிவு இல்லையெனில் பழைய முறையில் அவருடைய வரி ரூ.2,02,800; புதிய முறையில் ரூ.1,92,400. ஆனால் 80சி பிரிவின் ரூ.1,50,000-ஐயும் முழுமையாகப் பயன்படுத்தினால் பழைய முறை வரி ரூ.1,56,000 ஆகக் குறைகிறது. இத்தகையோருக்கே இவ்வைப்பு உண்மையான பலன் தருகிறது.

எனவே, வைப்பைத் தொடங்கும் முன் இரு முறைகளிலும் வரியைக் கணக்கிட்டுப் பாருங்கள். வருமான வரித் துறையின் இணையதளத்தில் இதற்கெனக் கணிப்பான் உள்ளது. தொழில் வருமானம் இல்லாதவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உரிய நாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்யும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர்களுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு.

இரண்டாம் கேள்வி: 80சி பிரிவில் இடம் உள்ளதா?

80சி பிரிவின் ரூ.1,50,000 என்பது வரி சேமிப்பு வைப்புக்கு மட்டும் உரிய வரம்பன்று. வருங்கால வைப்பு நிதிச் சந்தா, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம், பிள்ளைகளின் கல்விக் கட்டணம், வீட்டுக் கடனின் அசல் தவணை, பொது வருங்கால வைப்பு நிதி, தேசிய சேமிப்புப் பத்திரம் ஆகிய அனைத்தும் அந்த ஒரே வரம்புக்குள் அடங்க வேண்டும்.

ஆண்டுக்கு ரூ.96,000 வருங்கால வைப்பு நிதியாகவும், ரூ.30,000 ஆயுள் காப்பீட்டுப் பிரீமியமாகவும் செலுத்துபவருக்கு எஞ்சியிருக்கும் இடம் ரூ.24,000 மட்டுமே. அவர் ரூ.1,50,000-ஐ வைப்பில் இட்டால், ரூ.1,26,000 எவ்விதக் கூடுதல் வரிச் சலுகையும் இன்றி ஐந்து ஆண்டுகளுக்குப் பூட்டப்படும். எஞ்சிய இடத்துக்கு மட்டும் வரி சேமிப்பு வைப்பைத் தொடங்கி, மீதித் தொகையைச் சாதாரண வைப்பில் இடுவதே முறை.

மூன்றாம் கேள்வி: ஐந்தாண்டுகள் தொடாமல் இருக்க இயலுமா?

சாதாரண நிரந்தர வைப்பை அவசரத் தேவைக்கு முறித்துக்கொள்ளலாம். வட்டியில் சிறு குறைப்பு இருக்கும், அவ்வளவே. முறிக்க மனமில்லாதவர் அதன் மீது கடன் பெறலாம். வரி சேமிப்பு வைப்பில் இவ்விரு வழிகளும் இல்லை. ஆகவே, மருத்துவத்துக்கென ஒதுக்கிய பணத்தையும், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வரவிருக்கும் திருமணம், கல்விச் சேர்க்கை போன்றவற்றுக்கான பணத்தையும் இதில் இடுதல் ஆகாது. குறைந்தது ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான தொகையைச் சேமிப்புக் கணக்கிலோ சாதாரண வைப்பிலோ வைத்த பின்னரே இதைப் பற்றி எண்ண வேண்டும்.

வட்டிக்கு வரி உண்டு

இட்ட தொகைக்கு வரிக் கழிவு இருப்பதால், வட்டிக்கும் வரி இல்லை என்று பலர் கருதுகிறார்கள். அது தவறு. இவ்வைப்பின் வட்டி முழுவதும் வரிக்குரிய வருமானமே.

ஆண்டுக்கு 6.5 சதவீத வட்டி எனக் கொண்டு, காலாண்டுக் கூட்டு வட்டியில் ரூ.1,50,000-ஐ இட்டால் ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழ ரூ.2,07,000 கிடைக்கும். இதில் வட்டி சுமார் ரூ.57,000. பழைய முறையில் 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு, தீர்வையையும் சேர்த்து, முதல் ஆண்டில் மிச்சமாகும் வரி ரூ.31,200. ஐந்தாண்டுகளில் வட்டிக்காக அவர் செலுத்த வேண்டிய வரி சுமார் ரூ.11,900. அவ்வளவையும் கழித்த பின்னரும் ஆதாயம் கணிசமானதே. ஆனால், வரிக் கழிவு இல்லாத ஒருவருக்கு இந்த வைப்பு தருவது வட்டியை மட்டுமே. அதே வட்டியை அவர் சாதாரண வைப்பிலும் பெறலாம், பூட்டு இல்லாமல்.

2025-26 நிதியாண்டில், ஒரு வங்கியிலுள்ள வைப்புகளின் வட்டி ரூ.50,000-ஐத் தாண்டினால் 10 சதவீதம் வரிப் பிடித்தம் செய்யப்படும். மூத்த குடிமக்களுக்கு இவ்வரம்பு ரூ.1,00,000. பான் எண் தராதவர்களுக்குப் பிடித்தம் 20 சதவீதம். மொத்த வருமானத்துக்கு வரி வராத தகுதியுள்ளோர் ஆண்டின் தொடக்கத்திலேயே 15ஜி படிவத்தையும், மூத்த குடிமக்கள் 15எச் படிவத்தையும் அளித்துப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம். பிடித்தம் செய்யப்படவில்லை என்பதால் வட்டிக்கு வரி இல்லை என்று பொருளாகாது. கணக்குத் தாக்கலில் அதைக் காட்டியே ஆக வேண்டும். பழைய முறையில் இருக்கும் மூத்த குடிமக்கள் 80டிடிபி பிரிவின்கீழ் வட்டி வருமானத்தில் ரூ.50,000 வரை கழிவு பெறலாம்.

பாதுகாப்பும் பிற வழிகளும்

இவ்வைப்பின் சிறப்பு அதன் உறுதியில் இருக்கிறது. தொடங்கும் நாளில் ஏற்கப்பட்ட வட்டி விகிதம் ஐந்தாண்டுகளுக்கும் மாறாது. வைப்புக் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகத்தின் பாதுகாப்பும் உண்டு. ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு அசலும் வட்டியும் சேர்த்து ரூ.5,00,000 வரை இக்காப்பீடு பொருந்தும்; 2020 பிப்ரவரி 4 முதல் இவ்வரம்பு நடைமுறையில் உள்ளது.

80சி பிரிவின்கீழ் வேறு வழிகளும் உண்டு. பொது வருங்கால வைப்பு நிதியின் வட்டிக்கு வரி இல்லை. ஆனால் அதன் காலம் பதினைந்து ஆண்டுகள். பங்குச் சந்தை சார்ந்த வரி சேமிப்புப் பரஸ்பர நிதிகளுக்குப் பூட்டுக் காலம் மூன்று ஆண்டுகளே. ஆனால் அவற்றின் மதிப்பு ஏறவும் இறங்கவும் கூடும். நீண்ட காலம் காத்திருக்கவும் இயலாது, சந்தை இடரை ஏற்கவும் மனமில்லை என்பவருக்கு ஐந்தாண்டு வைப்பு பொருத்தமான நடுவழி.

வரிசையில் நிற்கும் முன்

ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதுங்கள். இந்த ஆண்டு எனக்கு ஆதாயம் எந்த வரி முறையில்? 80சி பிரிவில் எனக்கு எஞ்சிய இடம் எவ்வளவு? ஐந்தாண்டுகள் தொடத் தேவையில்லாத பணம் எவ்வளவு? முதல் வரியின் விடை பழைய முறையாக இருந்தால், மற்ற இரண்டு தொகைகளில் எது குறைவோ அதுவே நீங்கள் வைப்பில் இட வேண்டிய தொகை. முதல் வரியின் விடை புதிய முறையானால், சாதாரண வைப்பே போதுமானது.

அந்தத் தாளுடன் கிளைக்கு வாருங்கள். கணக்கைச் சேர்ந்தே சரிபார்ப்போம். மார்ச் இறுதி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். நெரிசல் இல்லாத நாளில் உங்களுக்கும் கேட்க நேரம் இருக்கும், எங்களுக்கும் விளக்கிச் சொல்ல நேரம் இருக்கும். வைப்பைத் தொடங்கும்போது நியமனதாரரின் பெயரைப் பதிவு செய்யவும் மறவாதீர்கள்.