ஒரு துளி நீரும் ஒரு துளி மையும்

தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டையில் ஒருவருக்கு இரண்டு வாரமாகத் தலைவலியும் லேசான காய்ச்சலும் விடாமல் இருக்குமானால், பித்தமென்றும் வெயிலென்றும் பார்வைக் கோளாறென்றும் சுற்றியிருப்போர் பலவிதமாகச் சொல்ல, மாத்திரை தரும் தற்காலிக சாந்தியோடு அவரும் வேலைக்குப் போய்வருவாரேயன்றி, மூளையைப் போர்த்திருக்கும் சவ்வில் ஒரு பூஞ்சை குடியேறியிருக்கக்கூடும் என்ற சந்தேகம் எவருக்கும் எளிதில் எழுவதில்லை.

கிரிப்டோகாக்கஸ் என்னும் அப்பூஞ்சை புறா எச்சம் கலந்த மண்ணில் வாழ்வது. மூச்சோடு நுரையீரலில் புகுந்து, பலமுள்ள தேகத்தில் அடங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி குன்றிய தேகத்தில் இரத்தத்தின் வழியே மூளையைச் சென்றடைவது. மனிதரிடமிருந்து மனிதருக்கு அது பரவுவதில்லை. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் சேகரித்த இரத்தத்தை வேலூரில் பரிசோதித்தபோது இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது. அதன்பின் வந்த வருஷங்களில், அக்கிருமியால் பலமிழந்தவர்களிடையே இவ்வியாதியை மருத்துவர்கள் அடிக்கடி காணலாயினர்.

காசநோயால் வரும் மூளைச்சவ்வுக் காய்ச்சலும் இதே லட்சணங்களைக் காட்டுவதால், வெளித்தோற்றத்தைக் கொண்டு நிர்ணயம் செய்வது அசாத்தியம். முதுகிலிருந்து நீர் எடுத்தே பார்க்க வேண்டும். அவ்வாறு எடுத்தால் கால் விளங்காமற் போய்விடும் என்ற பயம் நம்மவரிடம் வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. ஆயினும் தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிட, ஊசி அதற்குக் கீழேதான் செலுத்தப்படுகிறது. தலைக்குள் அழுத்தம் மிகுந்திருந்தால், மருத்துவர் அளவறிந்து வெளியேற்றும் அந்த நீரே வேதனையைத் தணித்துவிடுவதும் உண்டு.

அந்த நீரில் ஒரு துளியோடு கறுப்பு மையில் ஒரு துளியைக் கலந்து நுண்ணோக்கியில் வைத்தால், பூஞ்சையைச் சூழ்ந்த வழவழப்பான உறைக்குள் மை புகாதபடியால், இருண்ட வானில் கோட்டை கட்டிய நிலாவைப்போல் ஒவ்வோர் உயிரணுவும் வெண்வட்டத்தின் நடுவே தெரியும். தொடக்கத்தில் இது சிலரிடம் தென்படாமலும் போகலாம். ஆகவே பூஞ்சையின் உறைப்பொருளைச் சில நிமிஷங்களில் காட்டும் பட்டைச் சோதனையும் இப்போது செய்யப்படுகிறது. இரத்தத்தில் அச்சோதனை, தலைவலி தோன்றுவதற்குச் சில வாரங்கள் முன்னரே எச்சரித்துவிட வல்லது.

எல்லாப் பூஞ்சையும் ஒரே வழியில் வருவதில்லை. 2021 மே மாதத்தில், 1939-ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ்த் தமிழ்நாடு அறிவிக்கை செய்த கறுப்புப் பூஞ்சை நோய், கட்டுப்படாத சர்க்கரை நோயும் கொரோனாவும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்து நலிவித்தவர்களின் மூக்கில் தொடங்கி, கண் வழியே மூளைக்கு ஏறியது. அங்கே அழுகிய திசுவை வெட்டியெடுத்துச் சோதிப்பதே நிர்ணயம். சிகிச்சையின் பாதியும் அதுவே.

ஆம்போடெரிசின், ஃப்ளூசைட்டோசின், ஃப்ளூகோனசோல் ஆகிய மருந்துகள் கிரிப்டோகாக்கஸைக் கட்டுப்படுத்தக்கூடியவை. எனினும் நினைவு தப்பிய பிறகு தரும் மருந்துக்கும், நடந்து வந்தவருக்குத் தரும் மருந்துக்கும் பலனில் பெரும் பேதமுண்டு. ஆதலால் விடாத தலைவலியோடு வாந்தியோ, பார்வை இரட்டிப்போ, பேச்சில் தடுமாற்றமோ சேருமாயின், திருக்கோவிலூரிலோ கள்ளக்குறிச்சியிலோ உள்ள அரசு மருத்துவமனைக்குத் தாமதமின்றிச் செல்லுங்கள், எச்.ஐ.வி. சோதனைக்கு நம்பிக்கை மையத்தை அணுகக் கூச்சப்படாதீர்கள். முதுகில் நீர் எடுக்க வேண்டுமென்று மருத்துவர் சொன்னால், மறுக்காமல் சம்மதியுங்கள்.