வசீகரமான

"எனக்குப் பிடித்த ஆசிரியை" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். "வரலாற்று ஆசிரியையின் கவர்ச்சியான குரலைக் கேட்டால் பசியே தெரியாது" என்று எழுதினேன். அது உரக்கப் படிக்கப்பட்டதும் வகுப்பே சிரித்தது. தாள் திரும்பி வந்தபோது அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். காரணம் யாரும் சொல்லவில்லை. நானே அகராதியைப் புரட்டினேன்.

கவர்ச்சி, பாவம், குற்றமற்ற சொல். 'கவர்தல்' என்றால் பற்றி எடுத்துக்கொள்ளுதல். பகைவர் ஆநிரையைக் கவர்வதுதானே வெட்சித் திணை! வள்ளுவர் நூறாவது குறளில் காயைப் பறிப்பதற்கும் இச்சொல்லையே ஆள்கிறார். காந்தத்தின் எதிரெதிர்த் துருவங்கள் ஒன்றையொன்று கவரும் என்று அறிவியல் பாடத்தில் படிக்கும்போது எவரும் சிரிப்பதில்லை. சினிமாச் சுவரொட்டிகள்தாம் அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டன.

சரி, வேறு எந்தச் சொல்லைப் போடுவது? 'வசீகரமான' என்பது கிடைத்தது. இது வடமொழியிலிருந்து வந்தது. 'வசம்' என்றால் ஆளுகை, வசப்படுத்துவது வசீகரம். "சாவி யார் வசம் இருக்கிறது?" என்று வீட்டில் கேட்கிறோமே, அதே வசம்தான். பிறர் வசமாகித் தன்னை மறக்கும் பரவசமும் இதன் உறவே. ஆங்கிலத்தில் 'சார்ம்' என்ற சொல்கூட, பாட்டு, மந்திரம் என்று பொருள்படும் 'கார்மென்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம்.

'அழகான' என்னும்போது பார்க்கப்படுவதைப் பற்றி மட்டும் சொல்கிறோம். 'வசீகரமான' என்றால், பார்ப்பவர் தம் வசத்தில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். இதற்கு அழகு வேண்டுமென்பதே இல்லை. என் பாட்டிக்கு ஒரு பல்கூடக் கிடையாது. ஆனால் அந்தப் பொக்கைவாய்ச் சிரிப்பைப் பார்த்தபின், "கடைக்குப் போகமாட்டேன்" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

சிரிப்பு, குரல், பார்வை, பேச்சு, முகம் ஆகியவற்றோடு இச்சொல் நன்றாகச் சேரும். 'வசீகரமான மலை' என் காதுக்கு ஒட்டவில்லை; 'எழில்மிகு மலை' என்பதே பொருத்தம். "வசீகரமான சாம்பார்" என்று தங்கை சொல்லிப் பார்த்தாள். அம்மா கரண்டியைக் காட்டினார்கள். இன்னொன்று, ஏமாற்றுக்காரன் பேச்சும் வசீகரமாக இருக்கலாம். இந்தச் சொல் நல்லவர், கெட்டவர் என்று பார்ப்பதில்லை. அதனால் புகழ்வதற்காக எழுதும்போது பக்கத்தில் 'அன்பு' போன்ற ஒரு சொல்லையும் துணைக்கு வைப்பது நல்லது.

வட்டமிட்ட சொல்லை அடித்துவிட்டு, "அன்பும் வசீகரமும் நிறைந்த குரல்" என்று திருத்திக் கொடுத்தேன். மதிப்பெண் அரைகூட ஏறவில்லை. வரலாற்று ஆசிரியை மட்டும் அதைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள்.