டெஸ்பைட் இட் ஆல் (இசைத்தொகுப்பு)

டெஸ்பைட் இட் ஆல் என்பது பிரின்ஸ்லி சுவார்ஸ் என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் இரண்டாவது இசைத்தொகுப்பு ஆகும். இது 1970ஆம் ஆண்டு வெளியானது. 'இத்தனைக்குப் பிறகும்' என்பது தலைப்பின் பொருள்.

பின்னணி

அறிமுகமில்லாத இக்குழுவை ஒரே இரவில் புகழ்பெறச் செய்ய அதன் மேலாளர்கள் திட்டமிட்டனர். 1970 ஏப்ரலில் பிரித்தானியப் பத்திரிகையாளர்கள் பலரை நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் நடந்த நிகழ்ச்சிக்கு விமானத்தில் அழைத்துச் சென்றனர். விமானம் பல மணி நேரம் தாமதமானது. களைத்து வந்தவர்கள் நிகழ்ச்சியைக் கடுமையாக விமர்சித்தனர். முதல் இசைத்தொகுப்பும் அந்த ஏளனத்திற்குத் தப்பவில்லை.

இசை

இதன்பின் குழு ஆடம்பரத்தைக் கைவிட்டு எளிய பாடல்களை நாடியது. அமெரிக்கக் கிராமப்புற மக்களிடையே வளர்ந்த கன்ட்ரி இசையின் சாயல் இத்தொகுப்பில் தெளிவாகத் தெரிகிறது. முதல் பாடலான 'கன்ட்ரி கேர்ள்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பெரும்பாலான பாடல்களை பேஸ் கிதார் கலைஞர் நிக் லோ எழுதினார்.

தாக்கம்

இத்தொகுப்பு விற்பனையில் வெற்றி பெறவில்லை. எனினும், பின்னர் இலண்டன் பப்களில், அதாவது மதுவிடுதிகளில், சிறு கூட்டத்தின் முன் வாசித்து இக்குழு நற்பெயரை மீட்டது. பகட்டின்றி, கேட்போருக்கு அருகில் நின்று வாசிக்கும் இம்முறை 'பப் ராக்' எனப்பட்டது. பங்க் இசைக்கும் வழிவகுத்தது. குழு 1975இல் கலைந்தது. 1977இல் எல்விஸ் காஸ்டெல்லோவின் முதல் இசைத்தொகுப்பைத் தயாரித்தவர் நிக் லோவே. விளம்பரம் தராத மதிப்பை இக்குழுவுக்குத் தொடர்ந்த உழைப்பு தந்தது.