எருமைக்கு ஐம்பது

கோமுகி ஆற்றோரம் எருமை வளர்க்கும் நேயர்களே! கல்வராயன் மலையடிவாரத்தில் மேயும் உங்கள் எருமையின் உடல் உயிரணு ஒவ்வொன்றிலும் 50 குரோமோசோம்கள் உண்டு. சீனாவில் சேற்று வயலில் ஏர் இழுத்த எருமைக்கோ 48தான்.

குறைந்த இரண்டும் தொலைந்துபோகவில்லை. நம் எருமை ஆற்று எருமை வகை, சீனாவின் எருமை சேற்று எருமை வகை. ஆற்று எருமையில் தனித்தனியாக இருக்கும் 4ஆம், 9ஆம் குரோமோசோம்கள் சேற்று எருமையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தாய்வழியில் ஒன்று, தந்தைவழியில் ஒன்று என இரண்டு குறைந்தது. இவ்விரு வகையும் இணைந்தால் கன்றுக்கு 49!

இரண்டு வகைக்கும் மூதாதை, காசிரங்காவில் இன்றும் வாழும் காட்டு நீர் எருமை இனம்தான். ஆனால் மனிதர் பழக்கியது இரண்டு தடவை: ஆற்று எருமையை இந்தியத் துணைக்கண்டத்தில், சேற்று எருமையைச் சீன, இந்தோசீனப் பக்கம்.

முர்ரா இன எருமைக்கும் 50 என்பதால், நாட்டு எருமைக்கு முர்ரா சினை ஊசி போட்டால் கன்றுக்கும் 50தான். நீலகிரியில் தோடர்கள் வளர்க்கும் எருமைக்கும் இதே கணக்கு. ஆயினும் அது மலைக்குளிரில் நெடுங்காலம் தனித்து வளர்ந்த இனம். எண்ணிக்கையில் மிகச் சிறியது. அதைக் கலப்பின்றிக் காப்பது அவசரமான வேலை.